டெக்னோவின் உம்மா யார்?

பெர்லினுக்கு நான் போனது இசைத்தட்டுகளை அடுக்கப் பழகுவதற்கு. உம்மா என்னை அனுப்பியது மாப்பிள்ளை விசாரிப்பதற்கு. இரண்டு வேலைக்கும் ஒரே விசா போதும் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் திருப்தி.

கல்முனை என்ற எங்கள் கடலோர ஊரில், ஒரு நூலகத்தில் புத்தகங்களை வகைப்படுத்துவது என் தொழில். பல நாடுகளிலிருந்தும் என்னைப் போன்றவர்களைக் கூப்பிட்டு, இசைச் சேகரிப்பு ஒன்றை எப்படி வகைப்படுத்துவது என்று ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் நூலகத்தின் இசைப் பிரிவில் இருப்பவை சங்கீதப் பாடநூல் ஒன்றும் அதன் பின்னால் குடியிருக்கும் பல்லி ஒன்றும்தான். ஆனாலும் விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது.

இரண்டாவது வேலை என் ராத்தாவுடையது, அதாவது அக்காவுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். வாப்பா கடலுக்குப் போனார், ராத்தா பாதிப் படிப்போடு நின்று அபாயா தைக்க உட்கார்ந்தார், நான் படித்தேன். வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஏதோ ஒரு நொட்டை சொல்லித் திருப்பிய ராத்தா, அக்கரைப்பற்று நௌபர் என்ற பெயர் வந்தபோது மட்டும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். நௌபர் இருப்பது பெர்லினில். பார்ப்பது 'சவுண்ட் வேலை' என்றார் தரகர்.

எங்கள் பக்கத்தில் பேச்சு இவ்வளவு தூரம் வந்தால், பெண் வீட்டிலிருந்து ஒருவர் மாப்பிள்ளையின் ஊருக்குப் போவார். தேத்தண்ணிக் கடையில் உட்கார்வார். பள்ளிவாசல் முன்னால் இரண்டு பேருக்குக் கதை கொடுப்பார். ஆள் எப்படி என்று அறிந்துகொண்டு வருவார். மாப்பிள்ளை பெர்லினில் இருந்தால் விசாரணையும் பெர்லினுக்குத்தானே போகவேண்டும்.

"தொழுறாரா எண்டு பாரு. குடிக்கிறாரா எண்டு பாரு" என்றார் உம்மா. "மறுகா அந்த சவுண்ட் வேலை எண்டா என்ன வேலை எண்டு நல்லா விசாரி மகன். கலியாண ஊட்டுக்கு ஒலிபெருக்கி கட்டுறவனுக்கு ஜெர்மன்ல என்ன சோலி?"

வேன் வந்து நின்ற பிறகுதான் ராத்தா பக்கத்தில் வந்தார்.

"தம்பி, உம்மா கேட்டத உம்மாக்குச் சொல்லு. எனக்கு ஒண்டே ஒண்ட மட்டும் பார்த்துட்டு வா. அவருக்கு ஒண்டு பிழைச்சிப் போனா, தப்பு அவர்ட எண்டு வந்தா, என்ன செய்றாரு எண்டு பாரு. சரியா இரிக்கக்குள்ள எல்லா ஆம்பிளையும் நல்லவன்தான்."

நான் மிகவும் பொறுப்போடு தலையாட்டினேன். ராத்தாவின் வாழ்க்கை என் கையில் இருப்பதாக, அந்த வேனிலேயே எனக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

நௌபர் நானா (அண்ணனை நாங்கள் நானா என்போம்) விமான நிலையத்தில் காத்திருந்தார். மெல்லிய ஆள், தாடி, கையில் எனக்கென்று கொண்டுவந்த தடித்த ஜாக்கெட். ரயிலில் ஏறி உட்கார்ந்து, வெளியே எல்லாம் எவ்வளவு துப்புரவு என்று நான் வியந்துகொண்டிருந்த நேரம், எதிரே இருந்த மூக்குத்திப் பெண் எழும்பி ஓர் அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டாள். எங்கள் ஊர் பஸ் கண்டக்டரை இரண்டு சந்திக்கு அப்பாலிருந்தே தெரியும். விரல் இடுக்கில் நோட்டு, வாயில் "முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ". இங்கே கண்டக்டர் பயணி வேசத்தில் வருகிறார். டிக்கெட்டை வாங்கினால் போதாதாம், அதை ஒரு பெட்டியில் வைத்து முத்திரை குத்தவும் வேண்டுமாம். என்னுடையது குத்தப்படாமல் கன்னியாக இருந்தது.

"பிழை என்னோடதான்" என்று நௌபர் நானா உடனே சொல்லித் தண்டத்தைக் கட்டினார். "இவருக்குச் சொல்ல மறந்துட்டன்."

நான் மனதுக்குள் குறித்துக்கொள்ளப் போனேன். பிறகு நிறுத்தினேன். விசாரிக்க ஆள் வந்திருக்கிற முதல் நாள் எந்த மாப்பிள்ளைதான் பிழையை ஒப்புக்கொள்ள மாட்டார்? இது கணக்கில் சேராது.

அவருடைய அறையில் சோறும் சூரை மீன் ஆணமும் இருந்தன. தேங்காய்ப் பாலுக்குப் பதிலாகத் தூள் போட்டிருந்தார், அதை மன்னிக்கலாம். காலைச் சாப்பாட்டுக்கு வைத்த பாண்தான் மன்னிக்க முடியாதது. எங்கள் பேக்கரிப் பாணை ஒரு கையால் பிய்க்கலாம், இதற்கு மரவேலை தெரிய வேண்டும். நான் மென்றுகொண்டிருந்த போதெல்லாம் அவர் கேள்வி கேட்டார். சோறு ஆக்கத் தெரியுமா, கெதியாகக் கோபம் வருமா, குறட்டை உண்டா, தண்ணி இறைக்கிற மோட்டர் பழுதானால் என்ன செய்வீர்கள். வெளிநாட்டில் தனியாக இருப்பவர், பேச ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது.

பயிற்சியை நடத்தியவர் கெர்டா. நரைத்த குட்டை முடி, காதில் பெரிய வளையம். பெர்லின் மதில் விழுந்த காலத்தில் இளம் பெண்ணாக இருந்து, காலியாகக் கிடந்த கட்டடங்களில் இசைத்தட்டு சுழற்றியவர். பிறகு நூலகராகி ஓய்வும் பெற்றுவிட்டார். ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார். ஒருவருக்குத் தேவாலயப் பாட்டு, ஒருவருக்குக் கிராமிய நடனம். எனக்குக் கிடைத்த பெட்டி நிறைய மின்னணு ஆட்ட இசை.

"இதை அடுக்க வேண்டும்" என்றார். "முன்பின் தெரியாத ஒருவர் வந்து ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நடந்து போகும்போது வழி தவறக் கூடாது. கடைசி நாள் எல்லோர் முன்னாலும் நின்று விளக்கம் சொல்ல வேண்டும்."

இந்த இசையில் எனக்கு இருந்த அறிவு முழுவதும் அறுகம்பையிலிருந்து வந்தது. பொத்துவில் பக்கம் போகும்போது, வெள்ளைக்காரர் தங்குகிற கடற்கரைக் கடைகளிலிருந்து டும் டும் என்று ஒரு சத்தம் கேட்கும். வண்டியின் கண்ணாடி அதிரும். அவ்வளவுதான். பெட்டியில் இருந்த எல்லாமே எனக்கு அந்த ஒரே டும்.

கெர்டா ஊசியை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்க வைத்தார். இது டிஸ்கோ. டிஸ்கோ செத்துப்போனது என்று அமெரிக்கா முழுவதும் சொன்ன நேரத்தில், சிக்காகோவில் சில கறுப்பினப் பிள்ளைகள் அதன் சீரான மேளத்தை மட்டும் காப்பாற்றி மெஷினில் அடித்தார்கள், அது ஹவுஸ். டெட்ரோயிட் என்ற கார்த் தொழிற்சாலை நகரத்தில், ஜெர்மன்காரரின் இயந்திர இசையை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் செய்தது டெக்னோ. அது பெர்லினுக்கு வந்து, மெட்டை நீட்டி நீட்டி இழுத்து, டிரான்ஸ் ஆனது. டிரான்ஸ் முதுகுப்பைக்காரரோடு கோவாவுக்குப் போய் வெயில் காய்ந்தது. அங்கிருந்துதான் எங்கள் அறுகம்பைக்கு வந்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம் லண்டன்: பழைய இசைத்தட்டு ஒன்றின் நடுவே வரும் சில வினாடி உடைந்த மேளத்தை வெட்டி, வேகமாக ஓட்டி, அதன் கீழே ஜமைக்காக்காரரின் 'பேஸ்', அதாவது வயிற்றில் வந்து இடிக்கிற அந்தக் கனத்த அடிச்சத்தத்தை வைத்தார்கள். அது ஜங்கிள்.

நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்கள் ஊரில் யாரும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"இதுக்கெல்லாம் உம்மா யார்?"

கெர்டாவுக்கு விளங்கவில்லை. விளக்கினேன். எங்கள் கரையில், தமிழர்களுக்கும் சரி முஸ்லிம்களுக்கும் சரி, 'குடி' என்று ஒன்று உண்டு. அது தாய்வழி வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. வாப்பாவின் குடி வாப்பாவோடு முடிந்தது. ஒரே குடியில் பிறந்தவர்கள் கூடப்பிறந்தவர் மாதிரி, அவர்களுக்குள் கலியாணம் முடிப்பதில்லை. இது மார்க்கம் இல்லை, ஊர் வழமை. கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார்.

"இசையில் யார் உம்மா, யார் வாப்பா?" கெர்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையை அழைத்து வரும்போது பொல்லடி அடிப்பார்கள். ஆண்கள் வட்டமாக நின்று ஆளுக்கிரண்டு கம்பைத் தட்டி ஆடுவது. பாட்டு மாறும், பாடுகிறவர் மாறுவார், தட்டுகிற அடி மட்டும் அங்கேயே இருக்கும். ஆகவே வீட்டில் இருப்பது மேளம், மேளம்தான் உம்மா. மெட்டும் மெஷின் சத்தமும் பேஸும் வந்து குடியேறுகிற மாப்பிள்ளைகள்.

"அப்படியென்றால் டெக்னோவில் எங்கள் ஜெர்மன் இயந்திர இசை?"

"மாப்பிள்ளை. வாப்பா மட்டும்தான். கணக்கில் வராது."

கெர்டாவின் காது வளையம் ஆடியது. "இந்த ஊரில் இதைச் சத்தமாகச் சொல்லாதே" என்றார். ஆனால் முறையை மாற்றச் சொல்லவில்லை. அடுத்த நாள் தன் பழைய கூட்டாளி ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்: "கேட்டாயா, நாம் நாற்பது வருசமாக வீட்டு மாப்பிள்ளைகளாம்!"

மாலையில் நௌபர் நானா வேலை முடிந்து நூலகத்துக்கே வந்தார். அவருடைய சவுண்ட் வேலை என்பது ஆட்டக் கூடங்களில் பெரிய ஸ்பீக்கர்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும். ஞாயிற்றுக்கிழமை பகலில், வாய்க்கால் ஓரத் தோட்டம் ஒன்றில், தானே இசைத்தட்டுச் சுழற்றுகிறார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். கெர்டாவை அவருக்கு முன்பே தெரியும். என் குடி முறையைக் கேட்டதும் கொதித்தெழுந்தார்.

"மேளம் உம்மாவா? ஆரு சொன்ன? பேஸ்தான் உம்மா. ஊட்டத் தாங்கிறது ஆரு தம்பி? கீழ கிடந்து எல்லாத்தையும் சுமக்கிறது ஆரு?"

"வாப்பாமாரும் சுமக்கிறதானே நானா."

"எங்க சுமக்கிற? சந்தையில நிண்டு கதைக்கிற!"

இவர் உம்மாமாரைப் பற்றிப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஜங்கிள் முழுவதையும் அவர் கணக்குப்படி ஜமைக்கா வீட்டுக்கு மாற்ற வேண்டி வரும். நான் மாற்றவில்லை. அவர் விடவில்லை. மூடுகிற மணி அடித்து எங்களைப் பிரித்தார்கள்.

பெட்டியில் கடைசியாக ஒரு கட்டு மிஞ்சியது. உறையில் 'டெக் ஹவுஸ்' என்று இருந்தது. டெக்னோவும் ஹவுஸும் கலந்ததாம். நான் திடுக்கிட்டுப் போனேன். இரண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டிலும் அதே சீரான டும், டும், டும், டும். ஒரே மேளம் என்றால் ஒரே உம்மா, டிஸ்கோ. ஒரே உம்மா என்றால் ஒரே குடி. அப்படியானால் இது? கூடாத கலியாணம்! நேர்மையாக வகைப்படுத்துகிறவன் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. அந்தக் கட்டைத் தனிப் பெட்டியில் போட்டு, 'குடிக்குள் கலியாணம்: விலக்கி வைக்கப்பட்டவை' என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டினேன். இங்கே யார் வாசிக்கப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு என்னைக் கூட்டிப்போக நௌபர் நானா வந்தார். நான் ஜாக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பெட்டியின் முன்னால் நின்று வாசித்தார். குனிந்தார். ஒரு தட்டை உருவிப் பார்த்துவிட்டு மெல்ல உள்ளே வைத்தார்.

"இந்தப் பெட்டியில இன்னும் ஒள்ளம் இடம் இரிக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அவர் வாசலுக்குப் போனதும் கெர்டா என் காதருகே வந்தார். "அவன் எடுத்துப் பார்த்தது அவனே செய்த இசைத்தட்டு. ஒன்றே ஒன்றுதான் செய்தான். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறாய்?"

"பழையவை" என்றேன்.

பள்ளிவாசல் ஒரு தளபாடக் கடைக்கு மேலே, பின் முற்றத்துப் படிக்கட்டால் ஏறிப் போகும் இடத்தில் இருந்தது. குத்பாப் பிரசங்கம் துருக்கி மொழியில். விளங்காத மொழியில் தலையாட்டுவது எனக்குப் பழக்கம். ஊரில் அரபியில் ஆட்டுகிறேன். நௌபர் நானா முன் வரிசைக்குப் போனார். அங்கே அவருக்கு இடம் விடுகிறவர்கள் இருந்தார்கள். வெளியே வந்ததும், கீழே இறைச்சி ரொட்டி விற்கும் துருக்கிக்காரரிடம் விசாரணையை நடத்தினேன்.

"நல்ல மனிசன்" என்றார் அவர், இறைச்சியைச் சீவிக்கொண்டே. "ஒரு குறைதான். என் கடைக்கு மேல் வீட்டில் இருந்தபோது ஸ்பீக்கர் சரிபார்ப்பான். என் கண்ணாடிக் கிளாஸ்கள் எல்லாம் தாமாக நடந்து ஓரத்துக்குப் போகும். கீழே விழுவதற்கு முன்னால் அவனே ஓடிவந்து பிடிப்பான்."

உம்மாவுக்கு அழைத்தேன்.

"தொழுறாரு உம்மா. முன் சஃப்புல."

"அல்ஹம்துலில்லாஹ். குடிக்கிறாரா?"

"இன்னும் பார்க்கல்ல."

"பார்க்கல்ல எண்டா? நீ என்னத்துக்குடா அங்க போன? மூக்கால மணந்து பாரு!"

சனிக்கிழமை அவர் அறையில் சோறு ஆக்கும் முறை எனக்கு வந்தது. குழைந்துவிட்டது. அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பிறகு கையைக் கழுவி, துடைத்து, இசைத்தட்டுச் சுழல்மேசை இரண்டையும் திறந்தார்.

"இருங்க. ஒண்டு கேளுங்க."

ஒரு பழைய டெட்ரோயிட் தட்டை வைத்தார். ஆரம்ப காலத்து டெக்னோ. காதைக் கூராக்கினேன். சீரான டும் டும் இல்லை! மேளம் நொண்டி நொண்டி, உடைந்து உடைந்து போனது.

"இது எலெக்ட்ரோ. டெட்ரோயிட் பொடியன்மார் முதல்ல அடிச்சது இப்பிடித்தான். ஃபங்க் பாட்டுட மேளம். அந்தச் சீரான அடி இரிக்கே, அது பிறகு வந்தது. சிக்காகோ பக்கத்து ஊருதானே. போய் வந்து ஹவுஸ்ட்ட பழகினது. அயல் ஊட்டுப் பழக்கத்தப் பார்த்து உம்மா ஆரு எண்டு சொல்லேலுமா?"

"அப்ப டெக்னோட உம்மா..."

"எலெக்ட்ரோ. ஹவுஸ்ட உம்மா டிஸ்கோ. உம்மா வேற, குடி வேற. கலியாணம் கூடும்." அவர் ஊசியைத் தூக்கினார். "பிள்ளையும் நல்ல பிள்ளைதான்."

என்னுடைய முறையை வைத்தே என்னை மடக்கிவிட்டார். "ம்... பார்ப்பம்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

ஞாயிறு மத்தியானம் வாய்க்கால் ஓரத் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் ஊரில் ஒரு விசேசத்துக்கு உடுப்பை அயர்ன் பண்ணாமல் போனால் குடும்ப மானம் போகும். இங்கே அயர்ன் பண்ணிய சேட்டையும் மினுக்கிய சப்பாத்தையும் பார்த்துத்தான் வாசற்காரர் என்னை மறித்தார். என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம்.

"எதற்கு வந்தாய்?"

"வகைப்படுத்த" என்றேன். உண்மை அதுதானே.

அவர் என் சப்பாத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "இவ்வளவு காலத்தில் இப்படி ஒரு பதில் கேட்டதில்லை" என்று வழிவிட்டார்.

மரங்களுக்குக் கீழே வெயிலில் ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். குழந்தையைத் தோளில் வைத்தவரும் இருந்தார். நௌபர் நானா பலகை மேடையில் நின்று சுழற்றினார். பக்கத்தில் ஒரு கபில நிறப் போத்தல். உம்மாவின் கட்டளை நினைவு வந்தது. மேடை ஓரமாகப் போய், அவர் குனிந்த நேரம் போத்தலை எடுத்து மூக்கில் வைத்து மணந்தேன். ஏதோ இலையில் செய்த தேயிலைச் சோடா. நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணுமெண்டா ஒண்டு வாங்கித் தாறன் தம்பி. என்ட எச்சில் அது."

கெர்டாவும் வந்திருந்தார். வழக்கை அங்கேயே முடிக்க வேண்டும் என்றார். "பேஸ் உம்மாவா, மேளம் உம்மாவா? ஆடுகிறவர்களின் காலைக் கேட்போம். ஒரு ஜங்கிள் போடு. முதலில் பேஸை எடு, பிறகு மேளத்தை எடு. எதை எடுத்தால் வீடு வீடாக இல்லாமல் போகிறது என்று பார்ப்போம்."

நௌபர் நானா சிரித்துக்கொண்டே பேஸின் குமிழைத் திருகினார். வயிற்றில் இடித்த சத்தம் மறைந்தது. மேளம் மட்டும் சடசடவென்று மழை மாதிரி விழுந்தது. ஆட்கள் ஆடினார்கள், அதே வேகத்தில். பேஸைத் திரும்பக் கொடுத்துவிட்டு மேளத்தை எடுத்தார். கால்கள் எல்லாம் குழம்பின. கொஞ்சம் தடுமாறி, பாதி வேகத்துக்கு இறங்கி, அலையில் தோணி ஆடுகிற மாதிரி அசையத் தொடங்கினார்கள். ஜங்கிள் காணாமல் போய்விட்டது. அங்கே இருந்தது ஜமைக்கா.

"மாப்பிள்ளை தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்" என்றார் கெர்டா. "வீடு மேளத்தினுடையது."

நான் நௌபர் நானாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தா கேட்ட இடம் இதுதான். இவ்வளவு பேர் முன்னால், அவருடைய மேடையில், அவருக்குப் பிழைத்துவிட்டது.

"ஸ்பீக்கர் பிழை" என்றார் முகம் சிவக்க. "வலப் பக்கத்து ஸ்பீக்கர்ல பேஸ் சரியா வரல்ல. அதுதான் ஆக்கள் குழம்பின."

ராத்தாவிடம் என்ன சொல்வேன்? சாட்டு, சாக்குப்போக்கு சொல்கிறவர் என்றா?

ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. அடுத்த தட்டை ஓடவிட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்து, அந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் நாலு காலில் புகுந்தார். வயரை இழுத்தார், காதை வைத்தார், கையை வைத்தார். கொஞ்ச நேரம் அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. வெளியே வந்தபோது தாடி முழுக்கத் தூசும் ஒரு சிலந்தி வலையும்.

"ஸ்பீக்கர்ல ஒரு பிழையும் இல்ல" என்றார் எல்லோருக்கும் கேட்க. "எனக்குத்தான் பிழை. மேளம்தான் உம்மா."

பிறகு மேடைக்கு ஏறி, ஒரு டப்ஸ்டெப் தட்டைப் போட்டார். ஹவுஸ் குடியில் பிறந்து லண்டனில் வேகம் கூடிய கராஜ் என்ற இசையின் பிள்ளை அது. மேளத்தை எடுத்தார். ஒருவரும் அசைவை மாற்றவில்லை. பேஸை எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இந்த ஊட்டுல மட்டும் மாப்பிள்ள வந்து ஆதனத்தத் தன்ட பேருக்கு மாத்திட்டான்" என்று என் பக்கம் குனிந்து சொன்னார். "அதையும் எழுதிக்கங்க தம்பி."

திங்கட்கிழமை கடைசி நாள். எல்லோருக்கும் முன்னால் நூலகத்துக்குப் போனேன். கதவு திறந்த கையோடு உள்ளே புகுந்து, 'குடிக்குள் கலியாணம்' அட்டையை உரித்து, கசக்கிக் காற்சட்டைப் பையில் வைத்தேன். டெக் ஹவுஸ் தட்டுகளை ஹவுஸ் வரிசையில், முறையான பிள்ளைகளின் இடத்தில், சேர்த்தேன். டெக்னோவை எலெக்ட்ரோவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நௌபர் நானா வந்தபோது எல்லாம் எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்பது மாதிரி ஒரு பேனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டுகளைப் பார்த்தார், வெறும் பெட்டியைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்து ஏதோ தட்டினார்.

மத்தியானம் முற்றத்துக்கு வந்து ராத்தாவை அழைத்தேன். தோட்டத்தில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன், சிலந்தி வலை உட்பட.

"முதல்ல சாட்டுச் சொன்னாரா?"

"ஓம் ராத்தா. ஆனா..."

"மறுகா தானே போய்ப் பார்த்துட்டுத் தானே சொன்னாரா?"

"ஓம்."

தையல் மெஷின் சத்தம் நின்றது. "அப்ப சரி" என்றார். "உடனே ஒத்துக்கொள்றவன நம்பேலா. கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளாதவனோட இரிக்கேலா. இவரு காணும், போதும் எனக்கு."

எனக்குக் கண் கலங்கியது. விசாரணை முடிந்தது, என் கடமை முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

"இனி உன்ட விசயத்துக்கு வருவம்" என்றார் ராத்தா.

"என்ட என்ன விசயம்?"

"நௌபருக்கு ஒரு தங்கச்சி இரிக்கி. ரெண்டு ஊட்டாரும் மாத்துக் கலியாணம் எண்டு கதைச்சிரிக்காங்க. அவங்க எடுத்தா நாங்க குடுக்கிற, நாங்க எடுத்தா அவங்க குடுக்கிற. ரெண்டும் சேர்ந்தாத்தான் கலியாணம், இல்லாட்டி ரெண்டும் இல்ல. நீ அங்க போனதே உன்ன விசாரிக்கத்தான்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே!"

"சொல்லியிருந்தா நல்ல பிள்ளையா நடிச்சிருப்பாய்."

சோறு, குறட்டை, தண்ணி மோட்டர், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக என் தலைக்குள் ஓடின. ஒரு வாரமாக நான் நீதிபதியென்று நடந்து திரிந்திருக்கிறேன். கூண்டில் நின்றவனும் நான்தானாம். அதுவும் ராத்தாவின் வாழ்க்கையையும் கையில் பிடித்துக்கொண்டு.

"என்ன சொல்லியிரிக்காரு?"

நௌபர் நானா அனுப்பியிருந்ததை ராத்தா வாசித்தார். "'சோறு குழையுது. குறட்டை இல்ல. சுபஹுத் தொழுகைக்கு எழுப்பத் தேவையில்ல. போத்தலக் கண்டா மணந்து பார்க்கிறாரு. பிழை எண்டு தெரிஞ்சா திருத்துறாரு. ஆனா ஆக்கள் இல்லாத நேரம் பார்த்துத் திருத்துறாரு.' இந்தக் கடைசி ரெண்டும் இண்டைக்குத்தான் வந்தது தம்பி. அந்தப் புள்ளைக்கும் அனுப்பியிரிக்காராம்."

"அவ என்ன சொன்னாவாம்?"

"'ஆக்கள் இரிக்கக்குள்ள திருத்தத் தெரியுமா எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க நானா, அதுக்குப் பிறகு ஓமா இல்லையா எண்டு சொல்றன்' எண்டாவாம்." ராத்தா சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "எனக்கு வயசு போகுது தம்பி. கெதியாப் போ."

உள்ளே போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள், கெர்டாவின் பழைய கூட்டாளிகள், தெருவிலிருந்து மழைக்கு ஒதுங்கியவர்கள். என் முறை வந்தது. டிஸ்கோவிலிருந்து ஹவுஸுக்கும், ஹவுஸிலிருந்து கராஜுக்கும், அங்கிருந்து டப்ஸ்டெப்புக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். ஜெர்மன் இயந்திர இசை மாப்பிள்ளை மட்டும்தான் என்றபோது ஒரு கிழவர் இருமினார். டெக்னோ வரிசைக்கு முன்னால் வந்து நின்றேன். கையைப் பைக்குள் விட்டு, கசங்கிய அட்டையை எடுத்து, விரித்து, எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தேன்.

"நேற்றுவரை டெக் ஹவுஸ் பெட்டியில் இது ஒட்டியிருந்தது" என்றேன். "டெக்னோவுக்கும் ஹவுஸுக்கும் ஒரே தாய் என்று நினைத்து, அவற்றின் பிள்ளைகளைத் தகாதவை என்று விலக்கி வைத்தேன். அது பிழை. பிழைவிட்டது நான். அதை எனக்குக் காட்டித் தந்தவர், நான் விலக்கி வைத்த இசைத்தட்டு ஒன்றைச் செய்தவர். இன்று காலை யாருக்கும் தெரியாமல் உரித்தேன். அதுவும் பிழை."

கெர்டா முதலில் கைதட்டினார், பிறகு மற்றவர்கள்.

பின் வரிசையில் நௌபர் நானா எழும்பி நின்றார். கையில் தொலைபேசி, என்னை நோக்கி நீட்டியபடி.

"ஒள்ளம் பொறுங்க மச்சான்" என்றார். "வீடியோ இருட்டா விழுந்திரிக்கி. வெளிச்சத்துக்கு வந்து, முதல்ல இருந்து ஒருக்கா திரும்பச் சொல்லுங்க."

நான் ஜன்னல் பக்கமாக நகர்ந்து நின்று, திரும்பவும் சொன்னேன்.